லிஸ்பனிலிருந்து மாட்ரிட்: விமானம் தாண்டிப் போகிற ஊர்கள்

லிஸ்பனுக்கும் மாட்ரிட்டுக்கும் நடுவே ஆகாய வழியாக ஏறக்குறைய 500 கிலோமீட்டர். சாலையில் போனால் 620-க்குக் கொஞ்சம் மேலே. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ராத்திரி ஏறிப் படுத்து, காலையில் இறங்குகிற ரயில். இந்த இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே அப்படி ஒரு ராத்திரி வண்டி ஓடிக்கொண்டிருந்தது. லூசித்தானியா என்று பெயர். 1940-களில் தொடங்கியது. 2020 மார்ச்சில், கொரோனா வந்தபோது நிறுத்தினார்கள். மறுபடி விடவே இல்லை.

விமானம் மட்டும் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டே இருக்கிறது. வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க நானும் அக்காவும் தரைவழியே கிளம்பினோம். திரும்பி வருவது விமானத்தில் என்று முடிவு.

மே 12, ஞாயிறு – லிஸ்பன்

அக்கா லிஸ்பனில் வேலை பார்க்கிறாள். அரோயோஸ் பகுதியில் மூன்றாவது மாடி வீடு. சாயங்காலம் இருவரும் சாந்தா அப்போலோனியா நிலையத்துக்கு டிக்கெட் வாங்கப் போனோம். மாட்ரிட் வரைக்கும் ஒரே டிக்கெட் கிடைக்காது. போர்ச்சுகல் எல்லை வரை இங்கே வாங்க வேண்டும், ஸ்பெயினுக்குள் போவதற்கு அங்கே தனியாக. கவுன்டரில் இருந்த அம்மாள் எங்களை அனுதாபத்தோடு பார்த்தார். "மாட்ரிட்டுக்கா? விமானம் இருக்கிறதே" என்றார். எல்லைப் பக்கத்து ஊரான எல்வாஸில் இறங்கித் தங்கப் போகிறோம் என்று அக்கா தன் போர்ச்சுகீஸில் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. பின்னால் வரிசை நின்றதைப் பொருட்படுத்தாமல் அங்கே எந்த இனிப்பைச் சாப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு நாடுகளிலும் சாதாரண ரயில் பாதையின் அகலம் ஒன்றுதான், 1,668 மில்லிமீட்டர். பிரான்சுக்குப் போக வேண்டும் என்றால் அகலம் மாறும், அது வேறு தலைவலி. இங்கே அந்தத் தடையும் இல்லை. தண்டவாளம் எல்லையைத் தாண்டி ஒட்டித்தான் இருக்கிறது. நேரடி வண்டி விடுவதற்குத்தான் ஆள் இல்லை. அதிவேக ரயில் போடுவதாக இரண்டு அரசாங்கங்களும் பேசி, ஒப்பந்தம் வரைக்கும் போய், 2012-இல் பணமில்லை என்று போர்ச்சுகல் கைகழுவிவிட்டது. எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவே கதவு இல்லை.

மே 13, திங்கள் – எல்வாஸ்

காலையில் கிளம்பி, என்ட்ரோங்கமென்டோவில் மாறினோம். ரயில்வேக்காகவே உருவான ஊர். நாட்டின் ரயில் அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது. எல்லைக்குப் போகிற வண்டி சின்னதான டீசல் வண்டி. ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான், விட்டால் அன்றைய பயணம் போச்சு.

எங்களோடு ஏறிய பாட்டிக்கு இரண்டு கணுக்காலிலும் கட்டு. ஃபாத்திமா திருத்தலத்துக்கு ஊரிலிருந்து நடந்தே போனவர். 1917-இல் மாதா காட்சி தந்ததாக நம்பப்படும் நாள் மே 13. 12-ஆம் தேதி இரவு மெழுகுவர்த்தி ஊர்வலத்தை முடித்துவிட்டு, இனி நடக்க முடியாது என்று ரயிலேறியிருக்கிறார். உட்கார்ந்ததும் பையைத் திறந்து ரொட்டியையும் செம்மறியாட்டுப் பால் சீஸையும் மடியில் வைத்து வெட்ட ஆரம்பித்தார். முதல் துண்டு அக்காவுக்கு, இரண்டாவது எனக்கு, அப்புறம்தான் அவருக்கு. வேண்டாம் என்று சொல்ல இடமே தரவில்லை. சீஸ் வெளியே கெட்டி, உள்ளே கூழ். லேசான கசப்பு. நன்றாக இருந்தது.

கொஞ்ச நேரம் தேஜு ஆறு கூடவே வந்தது. ஆற்று நடுவில் ஒரு பாறைத் திட்டு, அதன் மேல் அல்மோரோல் கோட்டை. வண்டி மெதுவாகப் போனதால் முழுசாகப் பார்க்க முடிந்தது. அப்ரான்டெஸ் தாண்டியதும் ஆற்றை விட்டு விலகி, கார்க் மரக் காடு. காடு என்றாலும் அடர்த்தி கிடையாது. மரத்துக்கு மரம் இடைவெளி, கீழே காய்ந்த புல், அங்கங்கே ஆடு. அடிமரத்தில் பட்டை உரித்த மரங்கள் செம்பழுப்பாக நின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்டில் ஓர் எண். பாட்டி விளக்கினார்: கடைசியாக எந்த வருஷம் உரித்தார்களோ அந்த வருஷத்தின் கடைசி இலக்கம் அது. ஒன்பது வருஷம் ஆகாமல் மறுபடி கத்தி வைக்கக்கூடாது, சட்டம். அவருடைய கணவர் வாழ்நாள் முழுக்கப் பட்டை உரித்தவராம். உலகத்தின் கார்க்கில் பாதி அளவு இந்த ஒரு நாட்டிலிருந்து போகிறது. பாட்டி போன்டெ டி சோரில் இறங்கும்போது மிச்ச ரொட்டியை எங்கள் இருக்கையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

எல்வாஸ் நிலையத்தில் இறங்கியது மொத்தம் நாலைந்து பேர். நிலையம் ஒரு பக்கம், பழைய ஊர் மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி மேட்டின் மேல். டாக்ஸி இல்லை, பஸ் இல்லை, மத்தியான வெயில். அக்காவுக்கு முழங்கால் வலி வேறு. "ஏன்டி, ஃப்ளைட்ல போயிருந்தா இந்நேரம் மாட்ரிட்ல சாப்ட்டுத் தூங்கிட்டிருக்கலாம்" என்றாள். மனைவியை அழைத்துப்போக வந்த ஒரு பெரியவர் எங்கள் பெட்டிகளைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, காரின் டிக்கியைத் திறந்துவிட்டார்.

வழியில் அவர் சொன்ன ஒன்றுதான் இந்தப் பயணத்தில் எனக்கு மறக்காது. எல்வாஸின் பிரசவ வார்டை 2006-இல் மூடிவிட்டார்கள். அதிலிருந்து இந்த ஊர்ப் பெண்கள் எல்லை தாண்டி, ஸ்பெயினின் படஹோஸ் மருத்துவமனைக்குப் போய்ப் பிள்ளை பெறுகிறார்கள். அவருடைய பேத்தியும் அங்கேதான் பிறந்தாள். பெட்ரோல் போட அவர் படஹோஸ் போவார், விலை குறைவு. படஹோஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் காட் மீன் சாப்பிட எல்வாஸ் வருவார்கள். இத்தனை போக்குவரத்து உள்ள இடத்தைத்தான் விமானத்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியே வெறும் பழுப்பு நிறமாகப் பார்க்கிறோம். காசு கொடுக்கப் போனோம். பெரியவர் கையை மடக்கி மூடிவிட்டார்.

எங்களை அவர் இறக்கிவிட்டது அமொரெய்ரா நீர்ப்பாலத்தின் அடியில். பதினாறாம் நூற்றாண்டில் வேலை தொடங்கி, 1622-இல்தான் ஊருக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. 843 வளைவுகள், உயர்ந்த இடத்தில் 31 மீட்டர். இதற்காக ஊர் மக்கள் தனி வரி கட்டியிருக்கிறார்கள். முதலில் வடிவமைத்த பிரான்சிஷ்கு டி அருடாதான் லிஸ்பனின் பெலேம் கோபுரத்தையும் கட்டியவர். பெலேமில் கூட்டம் அலைமோதும். இங்கே நாங்கள் நின்ற நேரம் முழுக்க வேறு யாருமே வரவில்லை.

ராத்திரிச் சாப்பாடு அசோர்டா. பழைய ரொட்டித் துண்டுகள், நசுக்கிய பூண்டு, ஆலிவ் எண்ணெய், கை நிறையக் கொத்தமல்லி. அதன் மேல் கொதிக்கிற தண்ணீர், ஒரு முட்டை. அவ்வளவுதான். மீன் போடாமல் செய்து தரச் சொன்னோம், அக்கா முட்டை வரைக்கும்தான். ஏழு யூரோ. ஒரு பெரிய மண்சட்டி நிறைய வந்தது. கொத்தமல்லி வாசனையை மோந்துவிட்டு அக்கா பகல் முழுக்க இருந்த கோபத்தை விட்டாள். கடைசியில் கவுன்டர் அம்மாள் எழுதிக் கொடுத்த இனிப்பு, செரிக்காயா. முட்டையும் பாலும் சேர்த்துச் சுட்டு, மேலே பட்டைத்தூள் தூவி, பக்கத்தில் பாகில் ஊறிய எல்வாஸ் பிளம் பழம். நான்கு யூரோ. இரண்டாவது தட்டும் சொன்னோம்.

மே 14, செவ்வாய் – எல்லை, படஹோஸ், மெரிடா

காலை முழுக்கக் கோட்டைச் சுவரில் நடந்தோம். நட்சத்திர வடிவ மதில்கள், எதிர்க் குன்றில் இன்னொரு கோட்டை. எல்லாம் ஸ்பெயினுக்குப் பயந்து கட்டியதுதான். 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். தெற்கே தூரத்தில் புதிய ரயில் பாதைக்கான வேலை. எவோராவிலிருந்து எல்லை வரைக்கும் போடுகிறார்கள். சீக்கிரம் முடியட்டும், முடிந்ததும் அதில் மாட்ரிட் வரை போகிற ஒரு வண்டியையும் விடட்டும்.

அதே மத்தியான வண்டியைப் பிடித்தோம். கால் மணி நேரம்தான், கையா என்கிற சின்ன ஆற்றைத் தாண்டினால் ஸ்பெயின். பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. கைபேசி மட்டும் தானாக ஒரு மணி நேரம் முன்னே ஓடிவிட்டது.

இந்தக் கடிகார விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பெயின் இருக்கிற இடத்துக்கு அதன் நேரம் லண்டனோடு ஒத்திருக்க வேண்டியது. 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி ஜெர்மனியோடு சேர்த்தது. அப்படியே நின்றுவிட்டது. போர்ச்சுகலும் 1992-இல் அதே நேரத்துக்கு மாறிப் பார்த்து, குளிர்காலத்தில் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றெல்லாம் எதிர்ப்பு வந்து, 1996-இல் பழைய நேரத்துக்கே திரும்பியது. ஸ்பெயின்காரர்கள் மத்தியானம் இரண்டரைக்குச் சாப்பிடுகிறார்கள், சோம்பேறிகள் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எல்வாஸில் ஒன்றரைக்கு ஹோட்டல்கள் நிரம்பியிருந்தன. அதே நொடியில் படஹோஸ் கடிகாரத்தில் இரண்டரை. இரண்டு ஊரும் ஒரே வெயிலில், ஒரே நேரத்தில்தான் தட்டின் முன் உட்காருகின்றன.

படஹோஸில் சாப்பாடு 13 யூரோ: முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, பழம், ஒயினோ தண்ணீரோ. போர்ச்சுகலில் உட்கார்ந்ததும் மேசைக்கு வருகிற ரொட்டி, ஆலிவ், சீஸுக்குத் தனிக் காசு. வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் எடுத்துப்போவார்கள். இங்கே எல்லாம் உள்ளடக்கம். கொத்தமல்லியை மட்டும் எல்லையில் யாரோ பிடித்து வைத்துவிட்டார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எல்லாவற்றிலும் பார்ஸ்லி. அக்காவுக்குக் குளிர்ந்த கஸ்பாச்சோ தக்காளி சூப்பும் உருளைக்கிழங்கு முட்டை டார்ட்டியாவும். எனக்குப் பன்றித் தொடை ஜாமோன், மெல்லிய சீவல், வாயில் வைத்ததும் கொழுப்பு உருகியது. சத்தமும் மாறிவிட்டது. எல்வாஸில் பக்கத்து மேசைப் பேச்சு நம் காதில் விழாது. இங்கே எல்லா மேசைப் பேச்சும் நம்முடையதுதான். பரிமாறிய பையன் அக்கா ஏன் இறைச்சி தொடவில்லை என்று கேட்டு, கவலைப்பட்டு, அவளுக்கு மட்டும் ஒரு கிண்ணம் ஆரஞ்சுத் துண்டுகள் கொண்டுவந்து வைத்தான். பில்லில் அது இல்லை.

அல்கசாபா கோட்டைக்கு ஏறினோம். 875-இல் இப்னு மர்வான் உண்டாக்கிய ஊர் இது. மேலிருந்து பார்த்தால் குவாடியானா ஆறும், அந்தப் பக்கம் நேற்றுப் படுத்த மலையும். இந்த எல்லைப் பகுதியில்தான் 1965 பிப்ரவரியில் ஜெனரல் உம்பெர்த்து டெல்காடு கொல்லப்பட்டார். போர்ச்சுகலில் சலசாரின் சர்வாதிகாரத்தை எதிர்த்துத் தேர்தலில் நின்றவர், அதனால் நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவர். பேச்சுவார்த்தை என்று ஆசைகாட்டி வரவழைத்து, போர்ச்சுகலின் ரகசிய போலீஸ் அவரையும் அவர் செயலாளரையும் கொன்று புதைத்தது. அந்த மேட்டில் நிற்கும்போது அது என்னை விட்டுப் போகவில்லை.

சாயங்கால ரயிலில் மெரிடா.

மே 15, புதன் – மெரிடா, பிறகு ரயில்

கி.மு. 25-இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தன் ஓய்வுபெற்ற வீரர்களுக்காக அமைத்த ஊர். லூசித்தானியா மாகாணத்தின் தலைநகரம். இன்றைய போர்ச்சுகலின் பெரும்பகுதி அந்த மாகாணத்துக்குள் அடக்கம், லிஸ்பனும் சேர்த்து. ராத்திரி ரயிலுக்கு வைத்த பெயரும் இதிலிருந்துதான். ரோமர்களின் வழிப்பட்டியலில் லிஸ்பனையும் மெரிடாவையும் இணைக்கிற சாலைகள் மூன்று இருக்கின்றன. மூன்று! இன்றைக்கு ஒரு நேரடி ரயில் இல்லை.

ரோமப் பாலத்தில் காலை ஏழு மணிக்கே நடந்தோம். கிட்டத்தட்ட 790 மீட்டர். 1991-இல் பக்கத்தில் புதுப் பாலம் வரும் வரைக்கும் வண்டிகள் இதில்தான் ஓடியிருக்கின்றன. இப்போது நடக்கிறவர்களுக்கு மட்டும். எதிரே வந்த ஒவ்வொருவரும் வணக்கம் சொன்னார்கள், நாய் கூட்டிவந்தவர், ஓடிக்கொண்டிருந்தவர் எல்லாரும். லோஸ் மிலாக்ரோஸ் நீர்ப்பாலத்தின் உடைந்த தூண்கள் ஒவ்வொன்றின் உச்சியிலும் நாரைக் கூடு. குஞ்சுகள் அலகைத் தட்டுகிற சத்தம் கீழே வரை கேட்டது. நாடக அரங்கம், மொனேயோ கட்டிய செங்கல் அருங்காட்சியகம் இரண்டும் அருமை. அவற்றைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் விடுகிறேன்.

மத்தியானம் மாட்ரிட் வண்டி. கசேரெஸ் தாண்டும் வரை ஒழுங்காகப் போனது. அப்புறம் ஓக் மரங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணிக்கு மேல். அறிவிப்பு ஒன்றும் இல்லை. முன் இருக்கை மாணவிகள் இருவர் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பெட்டி முழுக்கச் சுற்றவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஆசிரியை, படஹோஸ், மெரிடா எல்லாம் அடங்கிய எக்ஸ்ட்ரெமதுரா பகுதி மக்கள் கண்ணியமான ரயில் வேண்டும் என்று 2017 நவம்பரில் பஸ் பஸ்ஸாக மாட்ரிட்டுக்குப் போய்ப் போராடியதைச் சொன்னார். அவரும் போனவர். அதற்குப் பிறகு 2022-இல் புதிய பாதை வந்திருக்கிறது, முன்னைக்கு இது எவ்வளவோ மேல் என்றார். ஆனாலும் குரலில் அலுப்பு. லிஸ்பன்–மாட்ரிட் ரயில் என்றால் இரண்டு தலைநகரங்களின் விஷயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது இல்லாமல் தினமும் கஷ்டப்படுவது நடுவில் இருக்கிறவர்கள்.

வண்டி கிளம்பியதும் பெரிய நீர்த்தேக்கத்தின் மேல் ஓர் உயர்ந்த பாலம். கீழே நேற்று முன்தினம் கூடவே வந்த அதே ஆறு, இந்தப் பக்கம் தாஹோ என்கிறார்கள். ஐபீரியாவின் மிக நீளமான ஆறு, ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

மாட்ரிட்டில் இறங்கும்போது ராத்திரி பத்தரை. அன்று சான் இசிதுரோ, நகரத்தின் காவல் புனிதர் நாள். கட்டம் போட்ட தொப்பியும் கோட்டும் அணிந்த ஆண்கள், தலையில் கார்னேஷன் பூ செருகிய பெண்கள், மெட்ரோ முழுக்க அவர்கள்தான். விடுதி அறை 140 யூரோ. எல்வாஸில் 48 கொடுத்தோம். பதினோரு மணிக்கும் சமையலறை திறந்திருந்தது ஒரு நிம்மதி.

மே 16, வியாழன் – மாட்ரிட்

ஓய்வு நாள். அக்கா மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. நான் பிளாசா மயோர் பக்கத்தில் கணவாய் வறுவல் வைத்த ரொட்டி சாப்பிட்டேன், நாலரை யூரோ. கடலிலிருந்து இத்தனை தூரம், 650 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரின் அடையாளச் சாப்பாடு கணவாய். காற்று வறண்டு உதடு வெடித்தது. திருவிழா ரோஸ்கில்யா வளையங்களில் சர்க்கரை பூசியதும் உண்டு, பூசாததும் உண்டு. பூசியதையே வாங்குங்கள்.

மே 17, வெள்ளி – விமானம்

விடுதியை விட்டு மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். விமானம் நான்கு மணிக்கு. டிக்கெட்டில் மாட்ரிட் 4.05, லிஸ்பன் 4.25 என்று இருக்கும். இருபது நிமிடப் பயணம் என்று அர்த்தமில்லை, நடுவே அந்த ஒரு மணி நேரக் கடிகார வித்தியாசம். ஒரு மணி இருபது நிமிடத்திலும் ஓடுதளத்துக்கு உருண்டு போவதும் இறங்கி உருண்டு வருவதும் சேர்த்திதான். மேற்கிலிருந்து காற்று எதிரே அடிப்பது வழக்கம் என்பதால், இந்தத் திசையில் கொஞ்சம் கூடவே ஆகும்.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். வரவேண்டிய விமானம் வரவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டில் மூன்று யூரோ. பக்கத்தில் ஒரு லிஸ்பன்காரர், மாதம் இரண்டு முறை இதில் போகிறவர், கோபமே படாமல் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

மாட்ரிட் நேரம் 6.10-க்குத் தரையை விட்டோம். ஏறி முடித்து, பானம் விற்கிற வண்டி எங்கள் வரிசைக்கு வருவதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது. சமமாகப் பறந்தது இருபது நிமிடம் இருக்கலாம். ஜன்னலில் நெற்றியை ஒட்டித் தேடினேன். ஒரு நீர்த்தேக்கம், பழுப்பு நிலத்தில் புள்ளி புள்ளியாக மரங்கள். எது கார்க், எது ஓக் என்று மேலிருந்து தெரியாது. லிஸ்பனில் சக்கரம் தொட்டபோது அங்கே 6.12.

1946 செப்டம்பரில் போர்ச்சுகலின் டாப் நிறுவனம் தன் முதல் பயணிகள் விமானத்தை விட்டது இதே லிஸ்பன்–மாட்ரிட் தடத்தில்தான், டகோட்டா விமானத்தில். அன்றைக்கு அதன் வேகத்துக்கு இதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆகியிருக்கும். அந்த நிறுவனம் தோன்றக் காரணமாக இருந்தவர் உம்பெர்த்து டெல்காடு. லிஸ்பன் விமான நிலையத்துக்கு 2016-இலிருந்து அவர் பெயர். பெட்டிக்காகக் காத்திருந்த முக்கால் மணி நேரமும் சுவரில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படஹோஸ் பக்கத்தில் அவரைப் புதைத்த இடத்துக்கு மேலேயோ, கொஞ்சம் தள்ளியோதான் எங்கள் விமானமும் வந்திருக்கும்.

அரோயோஸ் வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி எட்டு, மாட்ரிட் கணக்கில் ஒன்பது. கதவுக்குக் கதவு எட்டு மணி நேரம். தாமதமே இல்லை என்றாலும் ஆறு ஆகும். ஒழுங்கான ஒரு நேரடி ரயில் இருந்தால், இதே நேரத்துக்குள் ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்குப் போய்விடலாம்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஆளுக்கு ரயில் செலவு எல்லாம் சேர்த்து 70 யூரோ சுற்றி ஆனது, விமானம் பெட்டியோடு 85. எல்வாஸ் நிலையத்தில் இறங்குமுன் தங்குமிடத்துக்கு போன் செய்து டாக்ஸி சொல்லிவிடுங்கள். மே மாதத்துக்கு மேல் வெயில் கொடுமை என்று அந்தப் பெரியவர் எச்சரித்தார். எல்வாஸில் இரண்டு ராத்திரி தங்குங்கள். நாங்கள் அடுத்த முறை அப்படித்தான் போகப் போகிறோம், அக்கா இப்போதே செரிக்காயாவுக்குத் தேதி பார்க்கிறாள்.